ஐந்தாவது வண்டின் நிழல்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் தாள் செப்பனிடும் அறை. அன்றைய பணிப் பதிவேட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு எழுதப்பட்ட வரி இது: ‘படம் 31. ஊமத்தை. வண்டு ஐந்து. நிழல்: நான்கு வலம், ஒன்று இடம்.’

எழுதியவள் பேனாவை மூடிவிட்டு, தான் எழுதியதையே இன்னொரு முறை படித்தாள். பதினேழு ஆண்டுகளாகப் பழைய தாள்களைச் செப்பனிடுகிறவள் அவள். தாளில் இருப்பதை எழுதுவாளே தவிர, இருக்க வேண்டியதை எழுதமாட்டாள். அதனால் அந்த வரியை அடிக்காமல் விட்டாள்.

பூச்சிகளையும் செடிகளையும் அந்தக் காலத்தில் வரைந்தவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளிச்சம் எப்போதும் இடப்பக்க மேல் மூலையிலிருந்து வர வேண்டும். நிழல் வலப்பக்கம் கீழே விழ வேண்டும். வலக்கையால் வரைகிறவர் சன்னலை இடப்பக்கம் வைத்து உட்கார்ந்தால்தான் கையின் நிழல் தாளில் விழாது. வசதிக்காக வந்த பழக்கம் நாளடைவில் சட்டமாகிவிட்டது. எந்தக் கடல் கடந்து எந்த நாட்டில் வரைந்தாலும் வண்டின் நிழல் வலப்பக்கம்தான். அவள் கையில் இருந்த தொகுதியிலும் அப்படித்தான். 1793இல் வரையப்பட்டது, அறுபத்திரண்டு படங்கள், இருநூற்றுப் பதினான்கு வண்டுகள். ஒவ்வொன்றும் தான் தின்னும் காட்டுச்செடியின் மேல், உயிரளவில். அட்டையில் ஒரு படை மருத்துவரின் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. அந்த மருத்துவர் ஒரு கோடுகூட வரையவில்லை, எல்லாம் அவருடைய தங்கையின் கைவேலை என்பது அவர் நண்பருக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலிருந்து தெரியும். தங்கையின் பெயர் அந்தக் கடிதங்களிலும் இல்லை.

இடப்பக்கம் நிழல் விழுந்த வண்டு ஐந்தாவது. கட்டைவிரல் நகத்தளவு, கருவெண்கல நிறம், காம்பின் ஓரத்தில் தலை கீழாக. அதன் நிழலை அவள் போன மாதமும் பார்த்திருக்கிறாள். போன மாதம் அது எந்தப் பக்கம் விழுந்தது என்று எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவள் இடக்கைக்காரி. அவளுடைய விளக்கு வலப்பக்கம் இருந்தது.

இது அப்போது அவள் மனதில் ஓடவில்லை. அவள் மனதில் முழுக்க அந்த இலைதான் இருந்தது. படம் 31ஐ மூன்று வாரங்களுக்கு முன் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது, நடுவில் இருந்த பெரிய ஊமத்தை இலை மட்டும் திட்டுத் திட்டாக வேறு வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. ஒரே இலையின் மேல் பிற்காலத்தில் பூசிய பதினொரு பச்சைகள். ஒருவர் மேலிருந்து கீழாக இழுத்திருந்தார். ஒருவர் புள்ளி புள்ளியாக ஒற்றியிருந்தார். கடைசி மூன்று பூச்சும் ஒரே கை. அவர்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பவன் செப்பனிடுகிறவன் அல்ல, போலி செய்கிறவன். சுவரில் யாரோ எப்போதோ தட்டச்சு செய்து ஒட்டிய விதி இன்னும் இருந்தது: ‘மூலத்தின் மேல் ஒரு புள்ளியும் வைக்காதே.’

பதினொன்றையும் அவள் எடுத்தாள். குச்சியில் பஞ்சு சுற்றி, ஈரம் தொட்டு, நுண்ணோக்கி வழியே பார்த்துப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு நகத்தளவு. வெறுங்கையால்தான்; கையுறை போட்டால் தாளின் நாடி தெரியாது. இரண்டு வாரத்தில் ஒரு சாடி நிறையப் பச்சைப் பஞ்சு சேர்ந்தது. இடக்கையின் விரல் இடுக்குகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் பச்சை ஏறி, எதைப் போட்டுக் கழுவினாலும் போகாமல் நின்றது.

அடியில், தங்கை வரைந்த இலையில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் தாள். மிஞ்சியிருந்த பச்சையின் விளிம்பு அரைவட்டம் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. செம்புப் பச்சை நாள்பட்டால் அரிக்கும். அது அவளுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் செம்பு அரித்தால் தாளும் சேர்ந்து பொடியும். இங்கே தாளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதையும் பதிவேட்டில் எழுதினாள்.

புதன்கிழமை காலை பிரிவுத் தலைவர் படியேறி வந்தார். பேனாவின் தலையைத் தட்டிக்கொண்டே பேசுகிறவர். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

“எங்கே என் இலை?” என்றார்.

“உங்க இலை இல்ல சார். பின்னாடி வந்தவங்க பூசுனது. எடுத்துட்டேன்.”

அவர் குனிந்து பார்த்தார். பேனா தட்டுவது நின்றது.

“வாசல்ல இருபதடி பேனர் தொங்குது. இதே படம். அதுல இவ்ளோ பெரிய இலை இருக்கு. திங்கட்கிழமை காலைல கண்காட்சி திறக்குறோம். ஜனங்க பேனரைப் பார்த்துட்டு உள்ள வந்தா இங்க காம்புதான் இருக்கு. என்னன்னு சொல்ல? வண்டு தின்னுடுச்சுன்னா?”

“உள்ளதைச் சொல்லுங்க. இதான் அந்தப் பொண்ணு வரைஞ்சது.”

“மறுபடியும் அந்தப் பொண்ணா?” அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “பாருங்க, நான் நியாயமான ஆளு. நீங்க கேட்ட மாதிரி பெயர்ப்பலகையில தங்கச்சியைப் போடலாம். ‘மருத்துவரும் அவர் தங்கையும்’னு. நீங்க எனக்கு ஒரு இலை போட்டுக் குடுங்க. ஒரு சொட்டுப் பச்சை. கண்ணாடிக்குள்ள போனப்புறம் எவன் கண்டான்?”

“நான் கண்டேன்ல.”

“யோசிங்க. இல்லேன்னா அனுமதி இல்லாம மூலத்தைச் சேதப்படுத்திட்டீங்கன்னு நான் எழுத வேண்டி வரும். பதினேழு வருஷ சர்வீஸ்.”

“எழுதுங்க. நானும் எழுதிட்டுத்தான் இருக்கேன்.” பதிவேட்டைத் தட்டிக் காட்டினாள். “எழுத்துக்கு எழுத்து.”

அவர் எழுந்து போகும்போது கிண்ணத்தில் கலந்து வைத்திருந்த பச்சை நிறத்தையும் ஒரு தூரிகையையும் மேசை மூலையில் வைத்துவிட்டுப் போனார். கீழே விளம்பரப் படம் வரைகிறவனிடம் சொல்லிக் கலக்கியதாம். நல்ல பச்சைதான்.

அந்த அறையில் பகல் என்று ஒன்று கிடையாது. பழைய நிறங்களுக்கு வெயில் ஆகாது என்பதால் சன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள்; பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் ஒரே இருட்டு, நடுவில் ஒரே ஒரு மேசை விளக்கு, அதைச் சுற்றி நிறுவை எந்திரத்தின் சின்னச் சிவப்புப் பொட்டும் காற்றை ஈரப்படுத்தும் ஈரமூட்டியின் மெல்லிய இரைச்சலும் பசையின் புளித்த வாடையும். தலைவர் போன பிறகு அவள் நெடுநேரம் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கோபம் ஆறியபோதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. பசை இல்லை. ஈரத்தாள் இல்லை. கசக்கிய இலையின் நெடி. ஊமத்தையைப் பிடுங்கினால் கையில் ஒட்டிக்கொண்டு தலையை வலிக்கச் செய்யும் அதே நெடி. உயிருள்ள செடி எதையும் அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. யாரும் கொண்டுவரவில்லை.

அவள் விளக்கைக் கீழே இறக்கித் தாளின் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள். தாளின் மேடு பள்ளம் பார்க்க வழக்கமாகச் செய்வதுதான். வெளிச்சம் தாளோடு தாளாகப் படுத்து வரும்போது ஒரு மயிரிழைச் சுருக்கமும் மலைத்தொடர் போலத் தெரியும். வரைந்த நிழல்களோ அப்படியே இருக்கும். அவை வெறும் சாம்பல் நிறம்.

நான்கு வண்டுகளின் நிழல் அப்படியே இருந்தது.

ஐந்தாவதன் நிழல் நீண்டது. இடப்பக்கமாக, காம்பைத் தாண்டி, ஆறு மெல்லிய கால்களின் நிழல் தனித்தனியாகப் பிரிந்து.

அவள் விளக்கை ஒரு சாண் உயர்த்தினாள். நிழல் சுருங்கியது. இறக்கினாள். நீண்டது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்: வண்டு தட்டையாகத்தான் இருந்தது. தாளின் நார்கள் அதன் முதுகு வழியாக ஓடின. விரல் நுனியால் தொட்டாள். தாள். தாளைத் தவிர ஒன்றுமில்லை.

அளவுகோலை எடுத்து, காம்பின் கணுவிலிருந்து வண்டின் தலைவரை அளந்து எழுதினாள். பன்னிரண்டு மில்லிமீட்டர். வியாழன் காலை வந்ததும் முதல் வேலையாக அளந்தாள். எட்டு. மிஞ்சியிருந்த பச்சையில் புதிதாக மூன்று அரைவட்டங்கள் குறைந்திருந்தன.

அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள். அவர் போன பிறகுதான் இவள் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தாள்; இருவரும் நேரில் சந்தித்ததில்லை. இவள் கூப்பிட்டபோது தொலைபேசியில் பின்னால் சீட்டாட்டச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

“யாரு, என் நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவளா? அந்த நாற்காலி இன்னும் ஆடுதா?”

“ஆடுது மேடம். ஒரு சந்தேகம். முப்பத்தொண்ணாம் படம்.”

சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்படும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். சிரிப்பு நின்றது.

“அந்த இலையை என்ன பண்ணின?”

“எடுத்துட்டேன்.”

“எதுவரைக்கும்?”

“மூலம் வரைக்கும். பதினொரு பூச்சு இருந்துச்சு.”

“கடைசி மூணு என்னோடது.”

“மேடம், மூலத்து மேல ஒரு புள்ளியும்...”

“எனக்கே சொல்லித் தர்றியா? அதைத் தட்டச்சு பண்ணிச் சுவத்துல ஒட்டினவளே நான்தான்.”

“அப்புறம் ஏன் பூசினீங்க?”

“அதுக்குப் பசிச்சுதும்மா.”

இவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“கேலி பண்றேன்னு நினைக்காத,” என்றார் அந்தப் பெண். “என் வலது சுண்டுவிரல்ல நகம் கிடையாது. பார்க்கிறவங்க கதவுல நசுங்குச்சான்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன். நானும் உன்னை மாதிரி ஒரு வாரம் திமிரா இருந்தவதான். பச்சை எங்க ஒட்டியிருக்கோ அங்க வரும். இன்னைக்கே இலையைப் போட்டுடு. போட்டா பேசாம இருக்கும், பத்துப் பதினஞ்சு வருஷம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. வரைஞ்சதைத் தவிர வேற எதையும் முழுசா தின்ன விட்டுடாத. எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனது. வேற ருசி கண்டா மத்ததையும் எழுப்பிவிடுமாம்.”

“அவருக்கு யாரு சொன்னாங்க?”

“அவருக்கு முன்னாடி இருந்தவர். இது என்ன கோர்ட்டா? சாட்சி கேக்குற?” குரல் தணிந்தது. “போட்டுடும்மா. ஒரு இலைதானே. யாருக்கு நட்டம்?”

“வரைஞ்சவளுக்கு,” என்றாள் இவள். “பேரையும் எடுத்தாச்சு. படத்தையும் மூடிட்டா அவளுக்கு என்ன மிச்சம்? நான் பூசமாட்டேன் மேடம்.”

“அப்போ கையைப் பத்திரமா வச்சுக்கோ,” என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டார்.

படம் 31 பழைய அட்டையில் ஒட்டப்பட்டிருந்தது. பின்புறம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதுவரை வந்ததில்லை. அன்று பிற்பகல் முழுக்க ஆவி காட்டி, பசையை இளக்கி, மயிலிறகு அளவு அழுத்தத்தில் தாளை அட்டையிலிருந்து பிரித்தாள். பின்னால் பென்சில் எழுத்து இருந்தது. சின்ன எழுத்து, அவசரமில்லாத கை.

‘அண்ணன் இதைச் சாராயத்தில் போட்டுக் கொன்றபின் வரையச் சொன்னார். மாட்டேன் என்றேன். இறந்ததை வரைந்தால் இறந்ததுதான் வரும். நான்கு நாள் உயிரோடு வைத்து வரைந்தேன். அதன் கடைசிக் காலை வரைந்து முடித்தபோது கண்ணாடிக் குடுவையில் வண்டு இல்லை. இலையை மறுபடி வரையச் சொல்லிக் கேட்கிறது. அதையும் மாட்டேன் என்றேன்.’

அதற்குக் கீழே ஒரு வரி. அது வேறு மாதிரி இருந்தது: கோடுகள் நடுங்கின, எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகச் சாய்ந்தன. பழகாத கையால் எழுதியது போல.

‘இனி அண்ணன் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளட்டும்.’

அப்படியென்றால் முப்பத்திரண்டாம் படத்திலிருந்து அறுபத்திரண்டு வரை யார் வரைந்தது? கோடு முன்னதைப் போல இல்லை, கொஞ்சம் தடிப்பு என்று மட்டும் போன ஆண்டே குறித்து வைத்திருந்தாள். தங்கைக்கு வயதாகியிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அன்று மாலை வீட்டில் அம்மா அவள் கையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள்.

“என்னடி இது பாசி பிடிச்ச மாதிரி? சோப்பு விக்கிற கடையெல்லாம் மூடிட்டாங்களா?”

“வேலைம்மா. போயிடும்.”

“எல்லாத்துக்கும் இந்தக் கைதான் உனக்கு. நான் எவ்வளவு பாடுபட்டேன்.”

பட்ட பாடு இருவருக்கும் தெரியும். ஆறு வயதிலிருந்து எட்டு வயதுவரை அம்மா தினமும் பள்ளி ரிப்பனால் அவள் இடக்கையை நாற்காலிக் கையோடு கட்டிவிட்டு, வலக்கையில் பென்சிலைத் திணித்தாள். வகுப்பில் அவள் பெயர் நொட்டாங்கை. அவள் ஒரு எழுத்தும் எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் வெற்றுத்தாளைக் கொடுத்துக் கொண்டிருந்தாள். கடைசியில் ஓய்ந்தது அம்மாதான்.

“இப்ப வேணா கட்டி வையேன்,” என்றாள் இவள்.

“போடி. உன்னை யாரால கட்ட முடியும்?” அம்மாவின் குரலில் ஒரு மூலையில் பெருமையும் இருந்தது. பிறகு கையை இன்னும் கிட்டே இழுத்தாள். “இது என்ன, நகத்துல ஒரு ஓரம் காணோம்? அரைவட்டமா வெட்டின மாதிரி.”

வலிக்கவே இல்லை. அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிரிவில் எல்லோரும் கீழே கூடத்தில் இருந்தார்கள். ஏணி இழுக்கும் சத்தமும் கண்ணாடிப் பெட்டிகளை நகர்த்தும் சத்தமும் யாரோ யாரையோ “மெதுவாய்யா, மெதுவா” என்று அதட்டும் குரலும் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தன. அவள் இருட்டறையில் பெயர்ப்பலகைக்கான வாசகத்தை எழுதி முடித்தாள். தங்கை எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல். பிறகு கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் படம் 31ஐ விளக்கின் கீழ் வைத்தாள்.

வெள்ளைப் பூ. முள்காய். காம்பு. பச்சை துளிகூட இல்லை, அது எதிர்பார்த்ததுதான்.

வண்டு நான்கு.

எண்ணினாள். விரல் வைத்து எண்ணினாள். நான்கு. நான்கின் நிழலும் வலப்பக்கம்.

ஐந்தாவது இருந்த இடத்தில் வெறும் தாள் இருந்தது. கறை இல்லை, பென்சில் கோடு இல்லை. அந்த இடத்தில் யாரும் எப்போதும் எதுவும் வரைந்ததில்லை என்பதுபோல அவ்வளவு சுத்தமாக.

அடுத்த படத்தைத் திருப்பினாள். முந்தைய படத்தை. மேசையின் அடியில் பார்த்தாள். பச்சைப் பஞ்சு போட்டிருந்த சாடியின் மூடியைத் திறந்தாள். பஞ்சு எல்லாம் வெள்ளையாக இருந்தது.

கீழே ஏணிச் சத்தம் ஓய்ந்தது. அப்போது அது கேட்டது. மென்மையான பென்சிலால் சொரசொரப்பான தாளில் சின்னச் சின்னதாகக் கீறுவது போல. கீறல், நிறுத்தம். கீறல், நிறுத்தம். எங்கிருந்து வருகிறது என்று தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே தொலைவில் கேட்டது.

ஊமத்தை நெடி.

சத்தம் அவளோடு எழுந்தது. அவளோடு நடந்தது. சன்னல் அருகே போனாள், அங்கேயும் வந்தது. கறுப்புத் துணியைப் பிடித்து ஆணியோடு இழுத்தாள். மூன்று மணி வெயில் அறைக்குள் கொட்டியது. அவள் வந்த ஒன்பது ஆண்டில் முதல் முறை. அந்த வெயிலில் இடக்கையை விரித்தாள்.

உள்ளங்கை மேட்டில், தோலோடு தோலாகத் தட்டையாக, கருவெண்கல நிறத்தில் அது இருந்தது. ரேகைகள் அதன் முதுகு வழியாக ஓடின.

கையைத் திருப்பினாள். அதன் நிழல் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் சுற்றி வந்தது.

சுண்டுவிரல் இல்லை. இருந்த இடத்தில் அரைவட்டம், அரைவட்டம், அரைவட்டம். ரத்தம் இல்லை. விளிம்பு வெள்ளையாக, உலர்ந்து, கிழித்த தாளின் விளிம்பு போல நார் நாராக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டின் தலை அசைந்தது. மோதிர விரலின் ஓரம் குறைந்தது.

வலக்கையால் தேய்த்தாள். தோல்தான் தேய்ந்தது. குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டினாள். எரிசாராயத்தை ஊற்றினாள். அது பச்சை இருந்த வழியே, ரேகை பிடித்து, நிதானமாக நகர்ந்தது.

மேசைக்கு வந்தாள்.

கிண்ணத்தில் பச்சை இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. தூரிகையால் குத்தினால் அடியில் ஈரம். படம் 31 பக்கத்தில். ஒரு இலை. பத்து இழுப்பு. அது போய்விடும். தலைவருக்கும் இலை கிடைக்கும். மூன்று விரல் மிஞ்சும். பதினைந்து ஆண்டு கழித்து வேறு ஒருத்தி வருவாள். அவளும் சுவரில் இருக்கும் விதியைப் படிப்பாள். பன்னிரண்டாவது பூச்சைக் கண்டுபிடிப்பாள்.

தூரிகையை எடுத்தாள். இடக்கையில்தான் எடுத்தாள், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடித்துக்கொண்டன. நுனி பச்சையில் நனைந்தது. கையில் இருந்த வண்டு நின்றது. தலையை உயர்த்தியது. காத்திருந்தது.

இருநூறு ஆண்டுகளாக எல்லோரும் அதற்குக் காத்திருக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணன், தலைவர், கவிழ்த்து வைத்த சீட்டோடு ஒரு பெண், ரிப்பனோடு அம்மா. கொஞ்சம் விட்டுக் கொடு. ஒரு இலைதானே.

தூரிகையை ஒடித்தாள். கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தாள். படம் 31ஐ உறையில் இட்டு, உறையைப் பெட்டியில் இட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தலைவரின் மேசைக்குப் போகும் தட்டில் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது. இடக்கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

“தின்னு,” என்றாள். “பூசமாட்டேன்.”

அது தலையைக் குனிந்தது.

கீறல். நிறுத்தம். கீறல்.

நடுவிரல். வெயில் மேசையின் விளிம்புவரை வந்தது.

கீறல்.

கட்டைவிரல். அவள் பதிவேட்டை முன்னால் இழுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக வலக்கையில் பேனாவைப் பிடித்தாள். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகச் சாய்ந்தன. மணி மூன்று நாற்பது. நான்கு. நான்கு இருபது. மணிக்கட்டு.

ஐந்தரை மணிக்குத் தலைவர் பேனாவைத் தட்டிக்கொண்டே படியேறி வந்தார்.

கண்காட்சி திங்கட்கிழமை திறந்தது. படம் 31 காம்போடும் நான்கு வண்டுகளோடும் நடுக்கூடத்தில் வைக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தங்கையின் வாசகம் இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் இடது மணிக்கட்டுவரை இழப்பு, விளிம்பு உலர்ந்தது, ரத்தப்போக்கு இல்லை, காரணம் தெரியவில்லை என்று இருக்கிறது. அங்கே இருந்த மூன்று நாளும் அம்மா கட்டிலருகே உட்கார்ந்து அவளுடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அலுவலகத்தில் விளக்கை மேசையின் இடப்பக்கம் மாற்றி வைத்திருந்தார்கள். கண்காட்சி முடிந்து பெட்டிக்குத் திரும்பிய தொகுதியை அவள் முதல் படத்திலிருந்து கடைசிவரை எண்ணிச் சரிபார்த்தாள். படம் 31இல் வண்டு மறுபடி ஐந்து. எல்லா நிழலும் வலப்பக்கம் கீழே, முறைப்படி விழுந்திருந்தன. பிறகு விளக்கைத் தூக்கி வலப்பக்கம் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

ஜூன் 2, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவேட்டில் இருக்கும் வரி, வலக்கையால் எழுதியது: ‘படம் 1 முதல் 62 வரை. வண்டு 214. நிழல்: 214 இடம்.’